ஷிப்ட் முடிந்து சட்டம் படிக்கலாமா?

வாசகர் கேள்வி பதில்: சட்டக் கல்வி. பதிலளிப்பவர் தருமபுரியில் தொழில் செய்யும் வழக்கறிஞர்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 24. ஊர் காவேரிப்பட்டணம் அருகே ஒரு கிராமம். பி.எஸ்சி. கணிதத்தில் 68 விழுக்காடு மதிப்பெண் பெற்று, இரண்டு ஆண்டுகளாக ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். பிடித்தம் போக 18,500 ரூபாய் கைக்கு வருகிறது. அதில் அக்காள் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதம் 6,000 ரூபாய் தவணை போகிறது. எங்கள் மாந்தோப்புக்குச் செல்லும் பாதை தொடர்பான வழக்குக்காக அப்பாவுடன் நீதிமன்றத்துக்கு ஏழெட்டு முறை சென்று வந்ததிலிருந்து, சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இணையவழிப் பயிற்சி மையம் ஒன்றில் 28,000 ரூபாய் கட்டி, அவர்கள் சொன்னபடி ‘கிளாட் முதுநிலை’த் தேர்வுக்குப் படித்து வருகிறேன். இரவு ஷிப்ட் வாரத்தில் புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்குகிறது. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுமூச்சாகப் படிக்கலாமா? இல்லையென்றால், வேலையில் இருந்துகொண்டே இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் கல்லூரிக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்வது நடக்கக்கூடியதா?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்பு ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும், சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு. அதில் முதுநிலைத் தேர்வு, சட்டப் பட்டம் பெற்றவர்கள் எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பில் சேர்வதற்காக எழுதுவது. பி.எஸ்சி. படித்த நீங்கள் அதை எழுதவே முடியாது. கிளாட் இளநிலைத் தேர்வை எழுதலாம். ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான ஐந்தாண்டுப் படிப்புக்கு உரியது. ஏற்கெனவே பட்டம் கையில் வைத்திருப்பவர் அந்த வழியில் போனால் இரண்டு ஆண்டுகளை வீணாகக் கூடுதலாகச் செலவிட நேரும். உங்களுக்கு உரியது மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பு.

அந்த மூன்றாண்டுப் படிப்பில் தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கு நுழைவுத் தேர்வே கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இணையவழியில் விண்ணப்பம் பெற்று, பட்டப்படிப்பில் எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் தயாரித்து, 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்தி இடம் கொடுக்கிறது. விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண் பொதுவாக 45 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு. நீங்கள் 68 வைத்திருக்கிறீர்கள். அந்த மதிப்பெண்ணைக் கல்லூரியில் படித்தபோதே சம்பாதித்துவிட்டீர்கள். இனி எந்தப் பயிற்சி மையமும் அதில் ஒரு புள்ளியைக் கூட்டித் தர முடியாது. ஆகவே, இந்த வழியில் சேர்வதற்காக வேலையை விட்டு ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பது, வராத பேருந்துக்காக நிறுத்தத்தில் நிற்பதைப் போன்றது.

கட்டிய 28,000 ரூபாயை அப்படியே விட்டுவிட வேண்டாம். பட்டம் மட்டுமே பெற்ற உங்களிடம் முதுநிலைத் தேர்வுக்கென்று பணம் வாங்கியிருந்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமிருக்கிறது. முதலில் கட்டண ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்திக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுத் தாக்கல் செய்துவிட வேண்டும். வருங்கால வழக்கறிஞருக்கு இது நல்ல முதல் பாடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வு எழுதித்தான் தீர வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், பட்டதாரிகளுக்கு இரண்டு நல்ல கதவுகள் உண்டு. ஒன்று, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் மூன்றாண்டு எல்.எல்.பி.; அதற்கு அந்த நிறுவனமே ‘என்.எல்.சாட்’ என்ற தேர்வை நடத்துகிறது. இரண்டரை மணி நேரம், 150 மதிப்பெண். பாதி கொள்குறி வினா, மறுபாதி கையால் எழுதும் விடை. மற்றொன்று தில்லிப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலம். அதற்குக் ‘கியூட்’ முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். 75 வினாக்கள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறைப்பு. இரண்டும் வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கின்றன. விண்ணப்பங்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். பெங்களூருவில் கட்டணம் ஆண்டுக்குச் சில இலட்சம் ரூபாய். தில்லியில் கட்டணம் குறைவு என்றாலும் தங்கும் செலவு இருக்கிறது. மாதம் 6,000 ரூபாய் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இவற்றை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. தருமபுரி அரசு சட்டக் கல்லூரி உங்களுக்கு எப்படியும் இருக்கிறது.

அப்படி எழுதுவதானால், படிப்பைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஷிப்டோடு கட்டுங்கள். தினமும் காலை 5 மணிக்கு எழுந்து படிப்பேன் என்ற உறுதிமொழி, வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவருக்கு இரண்டாவது வாரத்திலேயே உடைந்துவிடும். உடைந்த பிறகு வரும் குற்ற உணர்ச்சி, தூக்கத்தைவிட அதிகமாகப் படிப்பைக் கெடுக்கும். முதல் ஷிப்ட் வாரத்தில் மாலை முழுவதும் உங்களுடையது; கடினமான வேலையை, அதாவது நேரம் வைத்துப் பழைய வினாத்தாள் எழுதுவதையும் கட்டுரை எழுதிப் பழகுவதையும், அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில், தூங்கி எழுந்தபின் கிடைக்கும் முற்பகல் இரண்டு மணி நேரம் போதும். இரவு ஷிப்ட் வாரத்தில் எதையும் புதிதாகப் படிக்க வேண்டாம்; ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கம் ஒன்றை வாசித்தால் அந்த வாரத்துக் கணக்கு முடிந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் வரை கம்பெனி பஸ்ஸில் போக வரச் செலவாகும் நேரத்தை நாட்டு நடப்புக்கு ஒதுக்குங்கள். கணிதம் படித்தவர் என்பதால் தருக்க வினாக்கள் உங்களை மிரட்டாது. மிரட்டப் போவது நீண்ட ஆங்கிலப் பத்திகள்தான். அதற்கு வாசிப்பைத் தவிர வேறு மருந்து இல்லை.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்ன யோசனைக்கு வருகிறேன். சட்டம் படிக்க விரும்பும், வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் தேர்வைப் பார்த்தே பயப்படுகிறார்கள். உண்மையான சிக்கல் சேர்ந்த பிறகு வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு பாடத்திலும் நடந்த வகுப்புகளில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்திருந்தால்தான் அந்தப் பாடத்தின் தேர்வை எழுத முடியும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், ஒரு பாடத்தில் 65 விழுக்காடு வரை இறங்கலாம். அப்போதும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, பயோமெட்ரிக் வருகைப் பதிவையும் கேமராவையும் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கியதோடு, மாணவர் எங்காவது வேலையில் இருந்தால் அதைத் தெரிவித்து நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் தர வேண்டும் என்கிறது.

இதை உங்கள் ஷிப்ட் அட்டவணையோடு வைத்துக் கணக்குப் பார்ப்போம். மூன்று வாரச் சுற்றில் முதல் ஷிப்ட் வாரம் கல்லூரிக்கு அறவே போக முடியாது. இரண்டாம் ஷிப்ட் வாரம், ஓசூருக்குப் பேருந்து ஏற வேண்டும் என்பதால், காலையில் ஓரிரண்டு வகுப்புகளோடு கிளம்பிவிட வேண்டும். இரவு ஷிப்ட் வாரத்தில் மட்டும் முழு நாளும் வகுப்பில் உட்காரலாம். அதுவும் தூங்காமல் உட்கார்ந்தால். எப்படிக் கூட்டினாலும் பாதியைத் தாண்டாது. நிரந்தர இரவு ஷிப்ட் கேட்டு வாங்கினால் எண்ணிக்கை சரியாகலாம். ஆனால் விடியற்காலையில் வேலை முடிந்து ஏழரைக்கு ஊர் வந்து ஒன்பதரைக்குத் தருமபுரியில் இருந்து, மாலை மீண்டும் ஓசூர் பேருந்தைப் பிடிக்கும் மனிதர் மூன்று ஆண்டுகள் எப்போது தூங்குவார் என்பதை நண்பர்களிடமே கேளுங்கள்.

ஆகவே என் யோசனை இது. இப்போது வேலையை விடாதீர்கள். கலந்தாய்வில் இடம் உறுதியாகும் நாள்வரை தொடருங்கள். உங்கள் நியமன ஆணையில் எத்தனை நாள் முன்னறிவிப்புக் கேட்கிறார்கள் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். இடம் கிடைத்த பிறகு, விடுவிப்புக் கடிதத்துக்காகக் கல்லூரி திறந்தும் தொழிற்சாலையிலேயே நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை உள்ள மாதங்களில் சேமிப்பதற்கு ஒரே ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கடன் தவணை. முடிந்தால் கடனை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத் தவணையான 72,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சேருங்கள். அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. தருமபுரிக்கு வீட்டிலிருந்தே பேருந்தில் போய் வரலாம் என்பதால் விடுதிச் செலவும் இல்லை. 2017இல் தருமபுரியிலும் 2019இல் சேலத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்த பிறகுதான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வசதி வாய்த்தது. எனவே கலந்தாய்வில் தருமபுரியை முதலிலும் சேலத்தை அடுத்தும் கேளுங்கள். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தால் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் கழியும். கணித ஆசிரியருக்கு நம் ஊர்களில் எப்போதும் கிராக்கி உண்டு.

விண்ணப்பத்துக்கு வேண்டியவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும், பட்டச் சான்றிதழும், மாற்றுச் சான்றிதழும், சாதிச் சான்றிதழும் கையில் இருக்கின்றனவா, எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பில் ஓர் இனிஷியல், பட்டத்தில் இரண்டு இனிஷியல் என்று இருந்தால் அதைத் திருத்துவதற்கு ஆகும் காலம், தேர்வுக்குப் படிப்பதற்கு ஆகும் காலத்தைவிட அதிகம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பட்டம் பெற்றவுடன் 18,500 ரூபாய் திரும்பி வந்துவிடாது. இளம் வழக்கறிஞர்களுக்கு மூத்தவர்கள் மாதம் குறைந்தபட்சம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. மாவட்ட நீதிமன்றங்களில் பல மூத்தவர்களுக்கே அந்தத் தொகை மாதந்தோறும் ஒழுங்காக வருவதில்லை. எனவே காகிதத்தில் இருக்கும் பதினைந்தாயிரத்தை நம்பிப் புதிய கடன் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் பாலக்கோட்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். கிளாட் பயிற்சிக்கு வார இறுதியில் பெங்களூருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். நான் தையல் வேலை செய்கிறேன். அனுப்பத்தான் வேண்டுமா?
வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, அனுப்ப வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

கிளாட் இளநிலைத் தேர்வு வழக்கமாக டிசம்பர் மாதத்தில் நடக்கிறது; பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச்சில். கிளாட்டில் இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், எளிய கணக்கு என்று எல்லாமே ஆங்கிலப் பத்திகளாக வரும். தவறான ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் குறையும். அடுத்த கல்வியாண்டில் அரையாண்டுத் தேர்வும் இதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வார இறுதி இரண்டு நாளும் ரயிலில் பெங்களூர் போய் வரும் பிள்ளைக்குப் பள்ளிப் பாடத்துக்கு எந்த நாள் மிஞ்சும்? மிஞ்ச வேண்டியதோ பள்ளிப் பாடத்துக்குத்தான். ஏனென்றால் நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். அதோடு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், தொழிற்படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை இட ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

கிளாட் எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் அதன் வழியாகத்தான் மாணவர்களைச் சேர்க்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் அங்கே இருக்கிறது. தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே மாதிரி வினாத்தாள்களை இணையதளத்தில் வெளியிடுகிறது. இப்போதிருந்து நாள்தோறும் முக்கால் மணி நேரம் ஆங்கில நாளிதழ் வாசிப்பு, வரும் கோடை விடுமுறையில் வாரம் இரண்டு மாதிரித் தாள், பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன் நிறுத்திவிடுதல்: தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இதுவே தாங்கக்கூடிய சுமை. இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் தருமபுரியில் படித்தவர்கள் வாதாடும் நீதிமன்றமும் திருச்சியில் படித்தவர்கள் வாதாடும் நீதிமன்றமும் ஒன்றுதான் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றில், வகுப்புக்குப் போகாமல் தேர்வுக்கு மட்டும் போய் எல்.எல்.பி. முடிக்கலாம், மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் போதும் என்று அரூரில் ஒருவர் சொல்கிறார். நான் தனியார் நிதி நிறுவனத்தில் வசூல் வேலை பார்க்கிறேன். பட்டம் தொலைநிலைக் கல்வியில் படித்தது. சேரலாமா?
வாசகர், அரூர்

பதில்: சேராதீர்கள். எல்லை மாவட்டம் என்பதால் இந்தத் தரகர்கள் நம் பக்கம் தேநீர்க் கடைவரை வந்துவிட்டார்கள். சட்டப் படிப்பு நேரடி வகுப்பாக மட்டுமே இருக்க முடியும். அஞ்சல் வழியிலோ வார இறுதியிலோ படித்த சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. வராத வகுப்புக்கு வந்ததாகப் பதிவேட்டில் எழுதித் தருகிறேன் என்பதுதான் அவர் விற்கும் சரக்கு. அதை வாங்குகிறவர் பொய் ஆவணத்தோடு நீதித் துறைக்குள் நுழைகிறார். நீங்கள் மாதச் சம்பளம் வாங்கிய அதே மூன்று ஆண்டுகளில், வேறொரு மாநிலத்தில் நாள் முழுதும் வகுப்பில் இருந்ததாகவும் சான்று இருந்தால், உங்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கே உங்களுக்கு எதிரான சாட்சி.

தொலைநிலையில் படித்த பட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாக முடித்துவிட்டு அதன்பின் தொலைநிலையில் பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் தடை. மதிப்பெண் தகுதி இருந்தால் அடுத்த ஆண்டு முறையாக விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நான் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்றவள். வேலையில் இருந்தபடியே வழக்கறிஞராகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு நீதிபதி தேர்வு எழுதலாமா?
வாசகி, தருமபுரி

பதில்: முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதோடு, உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே வேலையை விட்டு மூன்று ஆண்டு தொழில் செய்யத் துணிவு இருந்தால் மட்டுமே அந்தப் பாதை. பதிவுக் கட்டணத்தை எண்ணித் தயங்குவதாக இருந்தால், அது 750 ரூபாயைத் தாண்டக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: இந்த ஆண்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். மாமா வழக்கறிஞராக இருந்தவர். அவருடைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் நூல்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்தே படிக்கலாமா?
வாசகர், ஊத்தங்கரை

பதில்: பாடத்துக்குப் புதியவற்றை வாங்கிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த மூன்றுக்கும் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் ஆகியவை நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்களும் மாறிவிட்டன. கொலைக்கு 302 என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும், இப்போது அது 103. ஆனால் மாமாவின் நூல்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அப்படிப்பட்ட வழக்குகள் நீங்கள் படித்து முடித்து வரும்போதும் நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கும்.